விளக்குப் பிடித்த வீடு

பொட்டைக்கோழி இன்னும் கூண்டில் அடையவில்லை. கரண்டும் போய்விட்டது. லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "பா, பா" என்று கூப்பிட்டாள் செசிலி. வால்பாறைப் பனிமூட்டத்தில் கோழியா தெரியும்? சொந்தக் கையே பாதிதான் தெரிந்தது. தூரத்தில் ஜெபமாலைச் சத்தம் மட்டும் மிதந்து வந்தது.

அக்டோபர் மாதத்தில் அந்த எஸ்டேட் தொழிலாளர் லைனில் மாதா சுரூபம், சின்னச் சிலைதான், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கும். யார் முறையோ, அவர்கள் வாசலில் விளக்கோடு நின்று வரவேற்பார்கள். இந்த வருசம் செசிலி வீட்டுக்கு முறை இல்லை. "அவ தாங்கமாட்டாளுங்க, விட்டுருங்க," என்று அவள் புருசன் தம்பிதுரை கோயில் உபதேசியாரிடம் சொல்லிவைத்திருந்தான். அன்றைக்கு முறை பக்கத்து வீட்டு பிலோமினாளுக்கு.

தாங்கத்தான் முடியுமா? ஆடி மழையில், காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். பஸ் அடிவாரத்தில் இறங்கியபோது பிள்ளை சில்லிட்டிருந்தது. ஆணியில் மாட்டிய ஜெபமாலையை அன்றிலிருந்து அவள் தொடவில்லை.

பனிக்குள்ளிருந்து மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகப் பூத்து வந்தன. விலகி நிற்பதற்குள் உபதேசியார் சூசை, மாதாவைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த லைனில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே வண்ணம். விளக்குப் பிடித்த வீடு இதுதான் என்று வந்துவிட்டார், பாவம்.

"ஐயோ, பிலோமினா ஊடு இல்லீங்களா இது?" என்று பாதி வழியில் நின்று விழித்தார்.

தன் விளக்கு அணைந்துபோனதால் தீப்பெட்டி தேடி உள்ளே போயிருந்த பிலோமினாள் ஓடி வந்தாள். செசிலியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"இது செசிலி ஊடுங்க. மாதா வந்தது வந்துட்டாங்க, இங்கயே இருக்கட்டுங்க. நான் போயிச் சுண்டல எடுத்துட்டு வாரேன்."

உபதேசியார் ஜெபத்தின் முன்பாதியைச் சொல்ல, சனங்கள் பின்பாதியைச் சொன்னார்கள். செசிலி அடுப்போரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். ஜெபம் முடிந்ததும் சுண்டலைத் தின்றுவிட்டுக் கூட்டம் பனிக்குள் கரைந்துபோனது. தம்பிதுரைக்கு ஃபேக்டரியில் ஷிப்ட்டு. வீட்டில் அவளும் மாதாவும்தான். மாதாவின் கையில் குழந்தை. அதைப் பார்க்கக்கூடாது என்றிருந்தவள் பார்த்துவிட்டாள்.

"நீங்களும் மகனைப் பறிகுடுத்தவங்கதானுங்களே," என்றாள். குரல் உடைந்தது. "அப்பறம் ஏனுங்க? நான் அத்தன கூப்பாடு போட்டனே, ஏனுங்க பேசாம இருந்தீங்க?"

கூரையிலிருந்து பனிநீர் சொட்டியது. செசிலி மடங்கி உட்கார்ந்து அழுதாள். பஸ்ஸில் அழாததையும் சேர்த்து அழுதாள். அழுது ஓய்ந்தபோது, மலையெல்லாம் எங்கோ கீழே போய், வீடு மட்டும் மேகத்தில் தொங்குவதுபோல் இருந்தது. ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். முன்பாதி எப்படியோ வந்துவிட்டது. பின்பாதி வரவில்லை.

லைன் வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அந்த இடைவெளி வழியாக, அந்தப் பக்கத்திலிருந்து பிலோமினாளின் குரல் வந்தது. கேள்வியில்லை, ஆறுதலில்லை. ஜெபத்தின் பின்பாதி மட்டும், மெதுவாக, கடைசி ஆமென் வரைக்கும்.

செசிலி ஜெபமாலையின் அடுத்த மணியைப் பிடித்தாள்.

லாந்தரை உள்ளே எடுத்துவைக்க மறந்திருந்தாள். வாசலில் அது எரிந்துகொண்டிருந்தது. கோழி அதன் வெளிச்சத்தில் வந்து நின்று, படியில் ஏறலாமா வேண்டாமா என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.