தவளை சொன்ன சாட்சி

"கருமுட்டை வெடிக்கறதுக்கு இதுதாம்மா கடைசி ஊசி. இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் வீட்டுக்காரரோட சேர்ந்திருக்கணும். விட்டா அத்தனையும் வீண்" என்றார் பம்பாய் மாட்டுங்கா டாக்டர் மகாதேவன்.

பூமாரிக்கு அதற்கு வழியில்லை. அந்த மாத விலக்கு முடிந்து அவள் தலைக்குக் குளித்த அன்றே, பேரன் வேண்டி மகனுக்குத் திருச்செந்தூர் மாலை போட்டுவிட்டிருந்தாள் மாமியார் சொர்ணம்மாள். மாலை போட்டவன் பெண்டாட்டியைத் தொடலாகாது. அன்றிலிருந்து கணேசபாண்டியனுக்குத் தாராவித் தோல் பட்டறையில்தான் படுக்கை.

பூமாரி பட்டறைக்கே போய் நின்றாள்.

"ஒரே ஒரு நா கழத்தி வையுங்களேன்."

"சாமி குத்தமாயிரும்ட்டி. பிள்ள குடுக்கப்போறது முருகனா, ஒன் டாக்டரா? சல், வீட்டுக்குப் போ."

அடுத்த வாரம் ஊசியின் வேகத்தில் அவளுக்கு அடிவயிறு உப்பிக் குமட்டல் எடுத்தது. குழாயடியில் அவள் ஓங்கரிப்பதைச் சொர்ணம்மாள் பார்த்தாள். மறுநாள் காலை மூத்திரத்தைப் பாட்டிலில் பிடிக்கச் சொல்லி, தாதரில் தவளைக்கு அதை ஊசியில் ஏற்றிக் கர்ப்பம் பார்க்கிற இடத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். கர்ப்பம் என்று சொல்லிவிட்டது தவளை.

"மாலை போட்ட பய பட்டறையில கெடக்கான், இவளுக்கு வயித்துல நிக்குதாம்! ஆருட்டி அவன்? பால் ஊத்துத வடக்கத்திப் பையாவா, பஸ் கண்டக்டரா?"

வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டுச் சிரித்தன.

பூமாரி இருவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த மருந்தே கர்ப்பிணிகளின் மூத்திரத்திலிருந்து எடுப்பதுதான் என்றார் அவர். உடம்பில் மிச்சமிருந்த மருந்தைத்தான் தவளை காட்டியிருக்கிறது. இது கர்ப்பமே இல்லை.

"கண்டவ மூத்திரத்த ஏத்தினீரா, இல்ல வேற எதுவும் குடுத்தீரா வேய்?" என்றாள் சொர்ணம்மாள்.

கணேசபாண்டியன் குனிந்த தலை நிமிராமல், "விலக்கு வரட்டும், பாப்போம்" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து மாதாமாதம் அழுது சபித்த ரத்தத்துக்காகப் பூமாரி இப்போது கும்பிட்டுக் கிடந்தாள். ஒரு விடியலில் வந்தது. கறைத் துணியோடு ஓடினாள்.

"யத்தே, வந்துட்டு! பாருங்க, வந்துட்டு!"

சொர்ணம்மாள் துணியை விரித்துப் பார்த்தாள். மகனை வரச்சொல்லி ஆளனுப்பினாள்.

"கலைச்சிட்டா லே. அந்த டாக்டருட்ட நம்மள இழுத்துட்டுப் போனது வேற எதுக்குங்கே?"

கணேசபாண்டியன் அவளுடைய டிரங்குப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தான்.

"விலக்கு வரட்டும்னுல்லா சொன்னீய" என்றாள் பூமாரி.

"வந்துட்டுல்லா? இனி வயித்துல ஒண்ணுமில்ல. அலுங்காம குலுங்காம ஒங்க ஊருக்குப் போவாண்டாம், பாசஞ்சர் ரயில்லயே ஏறு."