முதல் வரி

...அவளுடைய கையெழுத்துதான், சந்தேகமே இல்லை, ஆனால் சந்தேகம் இல்லை என்று ரோண்டாவுக்கு எப்படித் தெரியும், யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? திரையில் வாக்காளர் பதிவு அட்டை, ட்வைலா ஹாப்கின்ஸ், தொண்ணூற்று நான்காம் வருஷம் போட்டது, வலது பக்கம் சாய்ந்து, அவசரமாக, முதல் எழுத்தான ஆங்கில டி-யின் மேல்கோடு பெயர் முழுவதற்கும் கூரை போட்டதுபோல் கடைசி எழுத்துவரை ஓடுகிறது. மேசைமேல் மனுத்தாள், இரண்டாவது வரியில் அதே பெயர், நடுங்கி, இடது பக்கம் சரிந்து, எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல. வாதம் வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது, வலது கை விளங்கவில்லை, இப்போது எல்லாமே இடது கைதான், ஊருக்கே தெரியும். ஆனால் பதிவு அட்டைக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள், கண் முன்னால் இருப்பதை வைத்து முடிவு செய்யுங்கள் என்று திங்கட்கிழமை டாரல் சொன்னான், மாவட்டத் தேர்தல் அலுவலகம் முழுவதும் அவன் பொறுப்பு, டோனட் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சொன்னான். "ஒத்துவரலேன்னு தோணிச்சுன்னா தள்ளிடுங்க, யாரும் வந்து உங்களக் கேக்கப்போறதில்ல." கேட்கமாட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பச்சை மையில் சரி, சிவப்பு மையில் தவறு, பக்கத்தில் காரணத்தின் எண், கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் நான்கு. ஒரு தாளுக்குப் பத்து வரி. காலையிலிருந்து எழுபது தாள் பார்த்தாயிற்று, எதிலும் கை நிற்கவில்லை. கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சட்டத்தில் எழுதலாமா வேண்டாமா என்று நவம்பரில் மக்களைக் கேட்க வேண்டும், மனு அவ்வளவுதான், அதற்கு மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த உரிமை கிடையாது என்று வாஷிங்டனில் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன அன்றே, மதியச் சாப்பாட்டுக்குள், இங்கே தடை வந்துவிட்டது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்தில் ஒன்று போனால் என்ன. நான்கு என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடலாம். அடுத்த வரி யாரோ ஒரு கேரல், பண்ணைச் சாலை, அழகான கையெழுத்து, பார்த்தவுடன் சரி போடலாம். ஏன் போகவில்லை? சரி என்று போட்டால் என்ன ஆகும், டாரல் பார்ப்பானா, பார்த்தால் இவள் உனக்குச் சிநேகிதியாயிற்றே என்பானா, சிநேகிதி இல்லை, பேசி இரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்லலாம், அது உண்மைதான், அதைச் சொல்லத் தயாராக இருக்கிறாள் என்பதே...

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, டிராக்டர் சாமான் கடை வாசலில் மடக்கு மேசை, அதன் பின்னால் கம்பளித் தொப்பியுடன் ட்வைலா, மடியில் எழுதும் அட்டை, அதில் இந்த மனுத்தாள், வலது கை கோட்டுப் பைக்குள். ரோண்டா வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லிவிடலாம் என்று யோசித்தாள். அப்படி எந்த விதியும் இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லவும் தைரியம் வரவில்லை, வண்டியைச் சுற்றி ஓட்டிப்போய் நாற்றுகள் விற்கிற பக்கவாசல் வழியாக நுழைந்தாள், நாய்த்தீனி வாங்கினாள், அதே வழியில் வெளியே வந்தாள். நாற்பது பவுண்டு மூட்டை, தோளில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில், திருடியதுபோல. முன்வாசல் வழியாகப் போயிருந்தால் தள்ளுவண்டி இருந்திருக்கும்.

திருடியதுபோல... அந்த வார்த்தை ட்வைலாவுடையது. எண்பத்தாறு நவம்பர், மழை, ரோண்டாவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, ட்வைலாவின் அண்ணனுடைய லாரியை என்னவோ சொல்லி வாங்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸ் போனார்கள், இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது, இரண்டு பேரும் காலணி ஆலையில் ஒரே வரிசையில் குதிகால் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். இங்கேயே பெரிய ஊரில் அதற்கு ஆஸ்பத்திரி இருந்தது, ஆனால் அங்கே யாராவது பார்த்துவிட்டால்? கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து தாளைக் கொடுத்தார்கள். ரோண்டா தன் பெயரை எழுதவில்லை, ஆலையில் இருந்த ஒரு மேற்பார்வைக்காரியின் பெயரை எழுதினாள், ஏன் அந்தப் பெயர் வந்தது என்று இன்றுவரை தெரியாது, அந்த அம்மாள் நல்லவள். கீழே இன்னொரு கட்டம், முடிந்தபின் வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் கையெழுத்து. ட்வைலா பேனாவை வாங்கி, நின்றபடியே, தன் பெயரை முழுசாக எழுதினாள், அந்தக் கூரைக்கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தாள். உன் பேரையே போட்டாயா என்று ரோண்டா பயந்துபோய்க் கேட்டாள். "எனக்கென்னடி, நான் என்ன திருடவா வந்தேன்." அன்று அந்தத் தாளில் இருந்த ஒரே உண்மையான பெயர் அதுதான். திரும்பும்போது வழியில் நிறுத்தி உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொடுத்தாள், ரோண்டா சாப்பிட்டாள், பசித்தது, பசிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ட்வைலா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, ரோண்டாவின் கல்யாணத்தில் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான், அப்போதுகூட ஒரு பார்வை பார்க்கவில்லை.

தீர்ப்பு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் எல்லோரையும் எழுந்து நின்று நன்றி சொல்லச் சொன்னார். முதலில் எழுந்தது யார்? எல்லோரும் சேர்ந்துதான் எழுந்தார்கள் என்று ரொம்ப நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள், அப்படி இல்லை, மூன்றாவது வரிசையில் இவள்தான் முதலில் எழுந்தாள், பயந்தவர்கள்தான் முதலில் எழுவார்கள், கை தட்டினாள், நிறுத்தினால் யாராவது பார்ப்பார்களோ என்று தட்டிக்கொண்டே இருந்தாள். பின்னால் பியானோவுக்குப் பக்கத்தில் ஒருத்தி எழுந்திருக்கவில்லை என்பது திரும்பாமலே தெரிந்தது. பிறகு காபி மேசையருகில் ட்வைலா வந்து நின்றாள், அப்போது வலது கை நன்றாக இருந்தது, காகிதக் கோப்பையை அதில்தான் பிடித்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள் என்று ரோண்டா நினைத்தாள், பாஸ்டரின் மனைவி இரண்டடி தூரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ட்வைலா சொன்னது இவ்வளவுதான். "இவ்வளவு நேரம் தட்டுனியே, கை வலிக்கல?" பாஸ்டரின் மனைவி சிரித்தாள். ரோண்டாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு ட்வைலா அந்தச் சபைக்கு வரவில்லை.

அப்புறம் ட்வைலாவின் மருமகளுடைய விஷயம். நான்காவது மாதம், பனிக்குடம் உடைந்து, ஆஸ்பத்திரிக்குப் போனால் கருவுக்கு இன்னும் இதயத் துடிப்பு இருக்கிறது, தடை இருக்கும்போது கை வைக்க முடியாது, காய்ச்சல் வந்தால் வா என்று அனுப்பினார்கள், அந்தப் பெண் வாகன நிறுத்தத்தில், வண்டியிலேயே, ஒன்றரை நாள் காய்ச்சலுக்காகக் காத்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள். இனிக் குழந்தை இல்லை. ஊர் முழுக்கப் பேச்சு, மெதுவாக. ரோண்டா கோழியும் நூடுல்ஸும் போட்டு ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையச் சுட்டு எடுத்தாள், துக்க வீட்டுக்கு யாரும் செய்வதுதான், பாத்திரம் திரும்பி வர அடியில் பெயர் எழுதி டேப் ஒட்டுவார்கள், இவள் பாத்திரத்திலும் பல வருஷமாக டேப் இருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அரைமணி நேரம், பசை போகச் சமையல் எண்ணெய் தேய்த்து. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் பாத்திரம் இவள் வாசலில் இருந்தது, கழுவி, துடைத்து. உள்ளே சீட்டு எதுவும் இல்லை. ட்வைலா எப்படிக் கண்டுபிடித்தாள்? பாத்திரத்திலா, ருசியிலா? அல்லது பெயரில்லாமல் வந்தது என்பதிலேயா?

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியிருக்கிறாள், எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. நான்கு. ஒரே ஓர் இலக்கம். எழுதவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை, பக்கத்து மேசையில் கென்ட்ரா தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள், இருபத்துநாலு வயது, ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குப் பைபிள் சொல்லிக்கொடுக்கிறவள், அவள் காபிக் குவளையில் இரண்டு பிஞ்சுக் காலடிகள் வரைந்திருக்கும், கருவிலிருக்கும் உயிருக்காக என்று. அவளிடம் கொடுத்துவிட்டால்? அவள் தவறு என்று சொல்லிவிட்டால் அது அவள் சொன்னது. இந்த நினைப்பு வந்தபோது ரோண்டாவுக்குக் காது சூடானது, ஆனாலும் கூப்பிட்டாள். இதைக் கொஞ்சம் பாரேன், எனக்கு ஒத்துவருகிற மாதிரி இல்லை.

கென்ட்ரா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள், திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பத்து விநாடிகூட ஆகவில்லை. "ஒத்துவருதே. அந்த மேல்கோட்டப் பாருங்க, பேரு முழுக்க இழுத்திருக்காங்க, வேற யாரு அப்படிப் போடுவா. கைதான் மாறியிருக்கு." பச்சைப் பேனாவை எடுத்து அவளே சரி போட்டாள். பிறகு பெயரைப் படித்தாள். "ஓ, டிராக்டர் கடைல உக்காந்திருந்தாங்களே, அவங்களா? எங்கிட்டயும் கேட்டாங்க. இல்லம்மா, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, போடமாட்டேன்னேன். சரிம்மான்னு சொல்லி ஃபிளாஸ்க்லேருந்து காபி ஊத்திக் குடுத்தாங்க, ஒத்தக் கையால." கொஞ்ச நேரம் நின்று பேசியதாகவும், அவர்கள் மருமகளுக்காக ஜெபம் செய்கிறேன் என்று சொன்னதாகவும், செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னாள். நீங்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லையா என்று கேட்டாள். போகவில்லை என்றாள் ரோண்டா.

"மேல ஒரு வரி காலியா இருக்கு பாருங்க, கோடு போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டுக் கென்ட்ரா நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் வரி. இவ்வளவு நேரம் இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதல் வரி கண்ணில் படவில்லை. கையெழுத்து வாங்கத் தாளை எடுத்துச் சுற்றுகிறவர்கள் தங்கள் முதல் தாளின் முதல் வரியில் தங்கள் கையெழுத்தைத்தான் போட்டுக்கொள்வார்கள், எல்லோரும் அப்படித்தான், காலையிலிருந்து பார்த்ததிலும் அப்படித்தான் இருந்தது, காலித் தாளில் முதல் ஆளாகப் போட யாரும் தயங்குவார்கள் என்பதற்காக. இந்தத் தாளின் அடியில் சுற்றியவர் பெயர் ட்வைலா, அதே இடது கை, அதே கூரை. ஆனால் அவள் இரண்டாவதில் போட்டிருக்கிறாள். மறந்திருப்பாள். வாதம் வந்தவள்... ட்வைலா எதை மறந்தாள்? தாளில் தேதி, பிப்ரவரியின் அந்தச் சனிக்கிழமை. வாசலுக்கு எதிரேயே நிறுத்தியிருந்த தன் நீல வண்டியை ஊரில் எல்லோருக்கும் தெரியும், கதவு திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பக்கவாசல் பக்கம் போன வண்டி. பார்த்தாளா? பார்த்துவிட்டுத்தான் காத்திருந்தாளா, கேரலும் மற்றவர்களும் மூன்று, நான்கு என்று கீழே இறங்கி எழுதும்போது, மேலே எழுதுங்களேன் என்று யாருக்கும் சொல்லாமல்? அல்லது ஒன்றுமே இல்லையா, தாள் நழுவி, கை தவறி, ஒரு வரி தள்ளிப்போனது மட்டுமா? கேட்டுவிடலாம். இங்கிருந்து ஆறு நிமிஷம், அதே வீடு. என்னவென்று கேட்பது, எனக்காக வைத்திருந்தாயா என்றா?

காலி வரியைப் பிறகு யாரும் நிரப்பிவிடாமல் இருக்கக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தவர் பக்கத்தில் தன் முதலெழுத்துகளைப் போட வேண்டும், அதுதான் விதி, இந்த விதி உண்மையாகவே இருக்கிறது. ரோண்டா ஸ்கேலை வைத்தாள். சிவப்புக்கோடு பெயர்க் கட்டத்தில் தொடங்கி முகவரியைக் கடந்து தேதிவரை ஓடியது, அவள் கை நடுங்கவில்லை, அவளுக்கு வாதம் எதுவும் வரவில்லை, இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஓரத்தில், எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக, ஆர்.கே. என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். சின்னதாக எழுதியும் படிக்க முடிந்தது.