கப்பல் கல்யாணத்தில் முடிந்த கொலை

எங்கள் வீட்டில் ஒரு கொலை முப்பது வருஷமாகத் தீராமல் கிடந்தது. பழி என்னவோ தோட்டக்காரன் மேல்.

பதறாதீர்கள், எல்லாம் நாவலில்தான். எங்கள் அப்பா பைண்டிங் வேலை பார்த்தவர். படித்துக் கிழிந்த துப்பறியும் நாவல்களை நாலைந்தாகச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு தடவை அவசரத்தில், ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களுக்குப் பதிலாக வேறொன்றின் பக்கங்களை வைத்துத் தைத்துவிட்டார். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, "கொலை செய்தது..." என்று வாயைத் திறப்பார். பக்கத்தைத் திருப்பினால் கப்பலில் யாருக்கோ கல்யாணம்!

கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன் என்றேன் நான். செத்துப்போன முதலாளிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அப்படியிருக்க, "கதவைத் தட்டினேன், உள்ளே வரச் சொன்னார்" என்கிறான் அந்தப் புளுகன். இது போதாதா? அண்ணனுக்குப் போதவில்லை. சிநேகிதன் வீட்டில் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டதாகவும், கொன்றது தோட்டக்காரன்தான் என்றும் அடித்துச் சொன்னான். அவ்வளவுதான், வீடே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும், "தோட்டக்காரனைக் கோட்டை விட்டவதானே நீ?" என்பான். என் கல்யாணப் பேச்சில், வீடு வாங்கும் பேச்சில்கூட. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடையில் அதே நாவலைப் பார்த்தேன். அப்பா உள்ளே சேர்த்துத் தைத்திருந்த, துப்பாக்கி பிடித்த கை போட்ட அதே சிவப்பு அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை. என்கூட அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள்.

"வாங்கினாத்தான் உறையைப் பிரிக்கலாம்மா," என்றார் கடைக்காரர்.

அண்ணன் முகம் மாறியது. "இது எதுக்கு இப்ப? மறுபதிப்புல முடிவை மாத்தியிருப்பாங்க."

"முதல் பதிப்பு சார் இது."

"அப்படியா? குடுங்க, நானே வாங்கித் தரேன். வீட்டுக்குப் போய் நிதானமாப் படிச்சுக்கலாம்."

டீ குடித்தால்கூடச் சட்டைப்பையைத் தேடித் தேடியே நேரத்தைக் கடத்துகிற மனுஷன்! புத்தகத்தின் மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடுண்ணா."

"சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதே."

"நீதான் முடிவைப் படிச்சவனாச்சே. உனக்கென்ன பயம்?"

அவன் கை தளர்ந்தது. காசைக் கொடுத்து உறையைக் கிழித்தேன். நான் தோற்றுவிட்டால்? இன்னொரு முப்பது வருஷம் என்னால் தாங்க முடியாது. பக்கத்தைத் திருப்பினேன். கப்பலைக் காணோம். உரக்கப் படித்தேன்.

"கொலை செய்தது நீங்கள்தான், கணக்குப்பிள்ளை! காது கேளாதவருக்கு நீங்கள் கதவு தட்டியது எப்படிக் கேட்டது?"

"சொன்னேனே! அன்னைக்கே சொன்னேனே!" கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். தலைகால் புரியவில்லை எனக்கு. கடைக்காரரிடமும் ஒரு தடவை சொன்னேன்.

"எழுதினவன் தப்பா எழுதியிருக்கான்," என்று முனகினான் அண்ணன்.

அண்ணி இடுப்பில் கையை வைத்தாள். "அப்ப நீங்க படிக்கவே இல்லையா? இந்த வாயை நம்பியா இத்தனை வருஷம் எல்லாத்துக்கும் தலையாட்டினேன்?" பிறகு அடக்க மாட்டாமல் சிரித்தாள். "நீ இன்னொரு தடவை படிம்மா. சத்தமா!"

அண்ணன் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"மெதுவாப் படி," என்றான். "அவன் எப்படிக் கொன்னான்னு எனக்கும் இத்தனை வருஷமாத் தெரியாது."