டிரம் மைக்கில் ஒட்டிய குரல்

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவனைப் போலக் குழைந்து பேச ஆள் கிடையாது. போனில் யார் எவ்வளவு கத்தினாலும், "உங்க சிரமம் புரியுது சார்" என்று வெண்ணெய் தடவியதுபோல ஒரு குரல் வரும். கத்தியவர்களே கடைசியில் கூச்சப்பட்டு, "பரவால்ல தம்பி, மெதுவா ஆளை அனுப்புங்க" என்று வைத்துவிடுவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு மெத்தைக் கடையின் அடித்தளத்தில் நின்றுகொண்டு பிணங்களைப் பற்றியும் புழுக்களைப் பற்றியும் உறுமுகிறவன் என்று அந்த ஆபீசில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

குழுவின் பெயர் சீழ். வாசித்தது டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை, அதிலும் பழைய பாணி. கிட்டார் சேற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்க வேண்டும், பாடுகிறவனின் வார்த்தை ஒன்றுகூடப் புரியக் கூடாது, புரிந்தால் அவமானம். குழுவுக்குள் அவனைத் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கிட்டார் வாசித்தவன் அவனுடைய தங்கை புருஷன். பள்ளிக்கூட நாளில் கூட்டாளி, பிறகு மாப்பிள்ளை. டிரம்ஸ் அடித்தவனுக்கு இடி என்று பெயர். பிழைப்புக்கு லாரி டயர் மாற்றுகிறவன். பேஸ் கிட்டாருக்கு ஒரு பல் டாக்டர் வருவார். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து அலுத்தவர் என்பதால் தன் வாயைத் திறக்கவே மாட்டார்.

"சீழாம் சீழ்! நாலு பேர்கிட்ட சொல்ற மாதிரி ஒரு பேரு கிடைக்கலையா உங்களுக்கு? மல்லிகைன்னு வெச்சா பாட்டு வராதா?" என்று தங்கை கல்யாணமான புதிதிலேயே கேட்டாள். இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருபது வருஷத்தில் ஓர் ஆல்பம்கூட வரவில்லை. கல்யாணம், குழந்தை, இடியின் முதுகுவலி என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் மாப்பிள்ளையின் பிடிவாதம். கம்ப்யூட்டர் வாசனைகூடப் படக் கூடாது. பழைய டேப் மெஷினில், நாலு பேரும் ஒரே அறையில் நின்று, ஒரே மூச்சில் வாசித்துப் பதிய வேண்டும். தப்பு வந்தால் தப்போடு கிடக்கட்டும். அப்படி ஒரு மெஷின் கிடைத்து, அது ஓடத் தொடங்குவதற்குள் எல்லோர் தலையிலும் நரை விழுந்துவிட்டது.

ஆனால் எடுத்தார்கள். சுவரைச் சுற்றி விற்காத மெத்தைகளை நிறுத்திவைத்து, ஃபேனைக்கூட அணைத்துவிட்டு எடுத்தார்கள். தொண்டை எப்போதும் இடிக்கு எதிரில்தான் நிற்பான். இடியின் வலது கால் எழும்போது மூச்சை இழுத்து, அது விழும்போது குரலை விடுவது அவன் பழக்கம். அவனைத் தள்ளி நிறுத்தினால் தாளமே தவறிவிடும். ஒவ்வொரு மைக்கில் விழுவதும் டேப்பில் தனித் தடமாகப் பதியும். அவனுடைய மைக் அவன் வாய்க்கு முன்னால் இருந்தது. டிரம்ஸுக்கு வைத்திருந்த மைக்குகளும் அவன் நெஞ்சுக்கு எதிரிலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றன. அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எச்சில் துப்பினான். சிவப்பாக இருந்தது.

குரல் நாணில் முடிச்சு என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்து பல மாதம் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் பேசலாம். "ஆனா அந்த உறுமல் வேலை இனிமே வேண்டாம். மறுபடி ஆரம்பிச்சா பேச்சும் போயிடும், சொல்லிட்டேன்."

அவன் அழவில்லை. அதான் எடுத்தாச்சே என்று நினைத்தான். இனி வராத குரல் டேப்பில் பத்திரமாக இருக்கிறது, அது போதும். பேசாமல் இருப்பதும் அவனுக்குக் கஷ்டமாக இல்லை. தனி ஆள். ஆபீசில் அவனைக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். மற்றவர்களுக்கு மௌனம் என்பது பேச்சுக்கு நடுவில் வரும் இடைவெளி. அவனுக்கு அது ஒரு பெரிய வீடாக இருந்தது. அதற்குள் உட்கார்ந்து, ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மனசுக்குள் ஓட்டுவான். எந்த இடத்தில் மூச்சு வாங்கினான், எந்த வரியில் இருமலை விழுங்கினான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மாப்பிள்ளை எப்போதாவது வந்து, "மிக்ஸிங் நடக்குதுடா, அவசரப்படாதே" என்பான். இவன் தலையாட்டுவான்.

இசைத்தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனான். அதற்குள் பேச்சு திரும்பியிருந்தது. பழைய குழைவு அப்படியே இருந்தது, கொஞ்சம் காற்று மட்டும் கலந்திருந்தது. தங்கை, "நீங்க உங்க மாவு மெஷினை ஓட்டுங்க. எனக்குத் தலை வலிக்கும்" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை தட்டைப் போட்டுவிட்டு, அட்டையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். தானே எழுதிய அட்டையை அவ்வளவு கவனமாகப் படிக்க என்ன இருக்கிறது என்று இவனுக்குத் தோன்றவில்லை.

கிட்டார் வந்தது. இடி வந்தான். இடியின் வலது கால் எழுந்ததை உடம்பு கண்டுகொண்டது. இவன் உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்தான். கால் விழுந்தது.

வேறு யாரோ பாடினார்கள்.

நல்ல குரல்தான். கெட்டியாக, சுத்தமாக, விளிம்பெல்லாம் சீவி எடுத்ததுபோல இருந்தது. இவன் இருமலை விழுங்கிய இடத்தில் அந்த ஆள் எதையும் விழுங்காமல் போனான். இரண்டாவது பாட்டு தொடங்கியபோதுதான் கேட்டான்.

"யார் இது, மாப்ள?"

அட்டை இறங்கவில்லை. "ஜிம் மாஸ்டர் ஒருத்தர். நல்ல மனுஷன்."

"என்னோடது?"

"தட்டு போடுற கம்பெனிக்காரன் ஒத்துக்கலடா. ஆல்பம் வந்தா மேடை ஏறணும், மேடையில பாட ஆள் யாருன்னு கேட்டான். உன்னால ஏற முடியாது. தட்டுல ஒரு குரல், மேடையில ஒரு குரல்னா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?"

"என்னோடது எங்கன்னு கேட்டேன்."

"டேப்ல இடம் இல்ல. எட்டு தடமும் நிறைஞ்சிருந்தது. உன் தடத்து மேலயே..." மாப்பிள்ளை அட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினான். "காப்பி எடுத்து வைக்கிறதுன்னா கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நம்ம கொள்கை என்னன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவனும் கைதூக்கி ஏற்றுக்கொண்ட கொள்கைதான்.

இவன் கத்தியிருக்கலாம். கத்துவதற்கென்று இருந்த குரலைத்தான் அழித்துவிட்டார்களே. மேஜை மேல் இருந்த தண்ணீரைக் குடித்தான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணா, எனக்கு இந்தக் கண்றாவி எதுவும் பிடிக்காது. ஆனா உன் குரலை மறுபடி கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. உள்ள நல்லா கேட்குது, நீ பாடுறது."

"அது உங்க அண்ணன் இல்ல. வேற ஆள் பாடியிருக்கார்" என்றான் மாப்பிள்ளை.

"சும்மா இருங்க. எங்க அண்ணன் கொட்டாவி விட்டாலே எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் அங்கதானே நின்னு கேட்டுட்டு வரேன்?" சொல்லிவிட்டு, திறந்த கதவருகில் நின்று காதைக் கொடுத்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இங்க வேற மாதிரி இருக்கே" என்றாள்.

அட்டை கடைசியாகக் கீழே இறங்கியது. மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாள் இடிதான் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். "எனக்கும் அவன் சொல்லலப்பா, என் குழந்தைங்க மேல சத்தியம். ஆனா யோசிச்சுப் பாரு. நீ எனக்கு எதிர்ல நின்னு கத்தினே. என் டிரம் மைக் எல்லாத்துலயும் நீ விழுந்திருக்கே. உன் தடத்தை அழிக்கலாம். என் தடத்துல இருந்து உன்னை எப்படிப் பிரிப்பான்? என்னையும் சேர்த்து அழிச்சாத்தான் நீ போவே. வேணும்னுதானே கேட்டான், ஒரே அறை, ஒரே மூச்சு! நல்லா அனுபவிக்கட்டும்."

மாப்பிள்ளை நன்றாகவே அனுபவித்தான். ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்கள். பாடகரின் குரலுக்குப் பின்னால், அடியாழத்தில், மண்ணுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல இன்னொரு உறுமல் கேட்கிறதாம். அதுதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறதாம். ஒரு பேட்டியில் அது என்ன என்று கேட்டதற்கு, "அது எங்க ரகசிய உத்தி. பழைய டேப் மெஷின் தெரிஞ்சவங்களால மட்டும்தான் முடியும்" என்று மாப்பிள்ளை பதில் சொல்லியிருந்தான். அட்டையின் உள்பக்கத்தில் தொண்டைக்கும் ஓர் இடம் இருந்தது. உதவியோருக்கு நன்றி என்ற பட்டியலில், மெத்தைக் கடை முதலாளிக்கு அடுத்து.

மாப்பிள்ளையின் போனை இவன் எடுப்பதை நிறுத்தினான். தங்கை வந்து கேட்டபோது, "உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றான். அவள் அழுதுவிட்டுப் போனாள்.

பழைய மேஜைக்கு, பழைய ஹெட்போனுக்கு அவனைத் திரும்ப மாற்றியிருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் பக்கத்து இருக்கைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "சார், ஒருத்தர் உங்களைத்தான் கேட்கிறார். உங்க மாப்பிள்ளையாம். மெஷின்ல சத்தம் வருதாம். உங்களுக்கு மாத்தி விடறேன்."

"வணக்கம், சொல்லுங்க சார். எந்த மாதிரி சத்தம்?"

"டேய், நான்தான்டா. வைக்காதே. எவ்வளவு நேரமா வரிசையில காத்திருக்கேன் தெரியுமா? அந்த மியூசிக்கை வேற போட்டுக் கொல்றாங்க."

"காத்திருந்ததுக்கு நன்றி சார். இந்தப் பேச்சு பதிவாகுது, தெரிஞ்சுக்கோங்க."

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டான். அப்புறம் சொன்னான். வெளியீட்டு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எல்லாம் விற்றுப்போய்விட்டது. எல்லோரும் அந்த இரண்டாவது குரலைக் கேட்கத்தான் வருகிறார்கள். ஜிம் மாஸ்டர் எவ்வளவு முயன்றும் அது வரவில்லை. குரலை மாற்றும் மெஷினை வைத்துப் பார்த்தும் வரவில்லை.

"நீ மேடையில நிக்கவே வேண்டாம். இடிக்குப் பின்னால, இருட்டுல நில்லு. உனக்கு மைக்கே கிடையாது. டிரம் மைக்ல விழுந்தா போதும். ரெண்டே ரெண்டு பாட்டு, மச்சான். உன் கால்ல விழறேன்."

"டாக்டர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியும்."

"ஒரு நாள்தானேடா. ஒரு நாள்ல என்ன ஆயிடும்?"

இவன் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால், உடம்பு அப்போதே சம்மதித்துவிட்டது. இடியின் கால் எழுவதுகூடத் தெரிந்தது. பேச்சு போனால் போகட்டும். கடிதம் எழுதும் மேஜை இருக்கவே இருக்கிறது.

"வரேன்" என்றான். "ஒண்ணே ஒண்ணு. பாட்டு முடிஞ்சதும் மைக்ல சொல்லிடு. தட்டுல கேட்கிற அந்தக் குரல் யாரோடதுன்னு. என்னை முன்னால கூப்பிடக்கூட வேண்டாம். பேரைச் சொல்லு, போதும்."

இவன் காத்திருந்தான். மௌனத்தின் வகைகள் அவனுக்குத் தெரியும். பதில் தேடுகிறவன் மௌனம் ஒன்று. பதில் கையில் இருந்தும் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவன் மௌனம் இன்னொன்று. இது இரண்டாவது.

"பேட்டியில வேற மாதிரி சொல்லித் தொலைச்சிட்டேனேடா" என்றான் மாப்பிள்ளை கடைசியில். "இப்போ மாத்திச் சொன்னா கம்பெனிக்காரன்... அந்த ஜிம் மாஸ்டருக்கும் அசிங்கம். அடுத்த ஆல்பத்துல பார்க்கலாம். சத்தியமா."

"புரியுது சார்" என்றான் இவன். வெண்ணெய் தடவிய அதே குரல். "உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம். உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"டேய், நம்ம நட்புக்காகவாவது..."

"எங்களைக் கூப்பிட்டதுக்கு நன்றி சார்."

பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், சத்தம் நின்னுச்சா?"

"நிக்கும்" என்றான்.

நிகழ்ச்சி நடந்த சாயங்காலம் அவன் வீட்டில் இருந்தான். அங்கே மேடையில் கேபிள் இழுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நேரத்தில் இசைத்தட்டை எடுத்துப் போட்டான். ஒலிபெருக்கியோடு காதை ஒட்டிக் கேட்டான். முழு அறையையும் ஜிம் மாஸ்டரே அடைத்துக்கொண்டு நின்றார். தன்னைத் தேடத் தேட அவர்தான் அகப்பட்டார். சத்தத்தைக் கூட்டினான்; அவரும் கூடினார்.

தங்கை நின்ற இடம் ஞாபகம் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினான்.

படிக்கட்டு ஓரத்தில், மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே நின்றான். கனத்த கதவு, கூர்மையான சத்தத்தையெல்லாம் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. கிட்டாரின் விளிம்பு போனது. ஜிம் மாஸ்டரும் போனார். கதவைத் தாண்டி வந்தது அடியில் கிடந்தது மட்டும்தான்: இடியின் கால், அது விழும் ஒவ்வொரு முறையும் கூடவே விழும் ஓர் உறுமல். இருமலை விழுங்கிய இடம் வந்தது. விழுங்கினான்.

மேல் மாடிக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். இவனையும், அதிரும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள ஆள் இருக்கா? கதவைத் திறக்க மாட்டேங்கறாங்களா?"

"இருக்கான் சார். திறக்க மாட்டான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மேலே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் முதல் பக்கம் முடிந்து, உள்ளே முள் மட்டும் உரசும் சத்தம் வந்தது. இவன் பூட்டைத் திறந்து உள்ளே போனான். தட்டைத் திருப்பிப் போட்டு, முள்ளை விளிம்பில் வைத்தான். பாட்டு தொடங்குவதற்குள் வெளியே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டான்.