வெள்ளியைப் பிறையாகக் கண்டவன்

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கல்முனைக்குடியில் கைத்தொலைபேசி திருத்தும் ஸஹீதுக்கு ‘வெள்ளிப்பிறை’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டு வருடம் ஒன்று ஆகப்போகிறது. உரித்துப் போட அவனும் என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டான். பட்டம் அசைவதாயில்லை.

போன நோன்புக்குப் பிறை பார்க்கும் மாலையில் வந்த வினை அது. புதிதாக வாங்கிய தொலைநோக்கியை வீட்டு வளவு முற்றத்தில் நிறுத்தி, மேற்கே மேகங்களுக்குள் துழாவிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் மெல்லிய பிறையொன்று வந்து நின்றது. குழாயிலிருந்து தலையை எடுத்து, வெறுங்கண்ணால் ஒரு தரம் வானத்தைப் பார்த்திருந்தால் போதும். மனிதன் பார்க்கவில்லை. “பிறை கண்டிட்டன்” என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டான். அவன் கண்டது வெள்ளிக் கிரகத்தை. பூமிக்குக் கிட்ட வரும் காலத்தில் வெள்ளியும் குழாய்க்குள் பிறையாகத்தான் தெரியும் என்ற சங்கதி அன்றைக்கு அவனுக்குத் தெரியாது.

வெட்கம் அவனோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்து வழமைப்படி அவன் பெண்சாதி ஸுல்பிகாவின் வீட்டோடு இருப்பவன். வளவு மாமியாருடையது. மாமி மைமூனா மருமகன் சொல்லை அப்படியே நம்பி, வளர்த்த சேவல்களை அறுப்பித்து, விடியுமுன் உண்ணும் முதல் சஹருக்குச் சோறாக்கி, “என்ட மருமகன்தான் பிறை கண்ட” என்று ஒழுங்கைத் தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்தனுப்பினார். பிறகு வானொலி, நாட்டில் எங்குமே பிறை தென்படவில்லை என்றது. சஹர் சோற்றை மறுநாள் பகலில் எல்லோரும் சிரித்துச் சிரித்துத் தின்றார்கள். மாமிக்கு மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. குழாய் அன்றே சாமான் அறைக்குள் போய்ப் பூட்டுக்குள் அடங்கியது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். ஸஹீத் போனான். வருடம் முழுவதும் கடை மூடியபின் மொட்டைமாடியில் நின்று, எது கிரகம், எது நட்சத்திரம், எது சட்டலைட் என்று வெறுங்கண்ணால் படித்தான். அடுத்த நோன்பு நெருங்கியபோது மாமியிடம் போய் நின்றான்.

“குழாயைத் தாங்க மாமி. நான் இப்ப பழைய ஆளில்ல.”

“குழாய்க்குள்ள பாத்துப் பட்டது போதும் மகன். வெறுங்கண்ணுக்குக் காட்டுங்க, பாப்பம்.”

“காட்டுறன். நாளைக்கு மஃரிபுக்குப் பொறகு விண்வெளி நிலையம் நம்மட வளவுக்கு மேலால போகுது. ஆக்கள் இரிக்கிற சட்டலைட். மேற்கால மாமரத்துப் பக்கத்தால ஏறி கிழக்கால கடல் பக்கம் இறங்கும்.”

“வராட்டி?”

“குழாயை என்ட கூட்டாளி அட்டாளைச்சேனை றிஸ்வானுக்குக் குடுத்திருவன். மறுகா இந்த வீட்டில வானத்தைப் பத்திக் கதைக்கவும் மாட்டன்.”

சொல்லிவிட்டானே தவிர, அந்தக் குழாய் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு, அன்றைக்கு மட்டும் என்று மாமி பூட்டைத் திறந்து கொடுத்த தொலைநோக்கியை வளவுக்குள் நிறுத்தினான். கிழக்கே வியாழன் பளிச்சென்று நின்றது. ஸுல்பிகா குழாய்க்குள் பார்த்து, பக்கத்தில் நாலு பொட்டுத் தெரிகிறது என்றாள். அவை வியாழனின் நிலவுகள் என்றான். மாமி கதிரையைப் போட்டு, குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“பின்பக்க லைட்டை நூத்தா இன்னும் நல்லாத் தெரியும் மாமி.”

“மஃரிபு நேரம் வளவை இருட்டாப் போடுறதா? அது நடவாது.”

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு நஜ்லா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் குடும்பமே நின்றது. “இண்டைக்கு என்ன பிறை மச்சான்?” என்றாள். ஸஹீத் பல்லைக் கடித்துக்கொண்டு மாமரத்தையே பார்த்தான். கடல் பக்கம் மேகம் திரளத் தொடங்கியிருந்தது.

“அந்தா போகுது” என்றாள் நஜ்லா.

உண்மையிலேயே போனது. மினுங்காமல், சத்தமில்லாமல், ஒரு வெளிச்சப் புள்ளி தென்னைகளுக்கு மேலால் நகர்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். மாமி கதிரையை விட்டு எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, அது மறையும்வரை பார்த்தார். அவர் முகம் இளகியது.

“ஓம், ஓடுது. நானும் கண்டன். சரி மகன், குழாய் நிக்கட்டும்.”

ஒரு வருடமாக அவன் கேட்கத் தவித்த வார்த்தை. வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. ஆனால் அந்தப் புள்ளி வடக்கிலிருந்து தெற்கே போனது. நேரமும் இன்னும் ஆகவில்லை. அங்கே நின்றவர்களில் அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“இல்ல மாமி” என்றான். “அது வேற சட்டலைட். நான் சொன்னது இதில்ல.”

மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ஸுல்பிகா தலையில் கையை வைத்தாள். மேகம் வியாழனை மூடி, கூரைக்கு மேலால் வந்து, மாமரத்தையும் தாண்டியது. விண்வெளி நிலையம் வரவேண்டிய நேரம் வந்து, கடந்தும் போனது. வானத்தில் ஒன்றுமில்லை.

ஸஹீத் குனிந்து தொலைநோக்கியின் காலைக் கழற்றத் தொடங்கினான்.

“என்ன செய்யிறீங்க?” என்றார் மாமி.

“சொன்ன சொல்லு மாமி. றிஸ்வானுக்குக் குடுக்கணும்.”

“நான்தான் ஓம் எண்டிட்டனே. பேசாம இருந்திருக்கலாமே.”

“காணாததைக் கண்டதெண்டு ஒருக்காச் சொல்லிப் பட்டது போதும் மாமி.”

மாமி கதிரையை அவன் பக்கம் திருப்பிப் போட்டார். “இந்த வாய் அண்டைக்கு இருந்திருந்தா என்ட சேவல் உசிரோட இரிக்கும்” என்றார். பிறகு, “அந்தக் காலைத் திருப்பிப் பூட்டுங்க” என்றார்.

“மாமி?”

“நோன்புப் பிறையை இந்த வளவுக்குள்ளதான் பாக்கணும். நீங்க கண்டா கண்ட, காணாட்டி காணல்ல. நான் ஊருக்குச் சொல்லுறன். அது சரி, அந்த ஆக்கள் இரிக்கிற சட்டலைட் மறுகா எப்ப வரும்?”

“நாளைக்கும் வரும் மாமி.”

மாமி உள்ளே போனார். மேகம் விலகி வியாழன் திரும்பத் தெரிந்த நேரம், பின்பக்க விளக்கு அணைந்தது.