மொட்டைப் பல்லுச் செயின்

மண்டூர் வினாயகமூர்த்திக்குச் சிவப்புப் பெட்டிச் செயின்தான் வேண்டுமாம். செங்கலடியில் மரம் அரியும் மெஷின்களுக்குப் பல்லுச் செயினும் மற்றச் சாமானும் விற்கும் பீற்றிஸுக்கு அதைக் கேட்டதுமே எரிச்சல் வந்தது.

சிவப்புப் பெட்டியில் இருப்பது மூலை கூரான பல்லு. சுத்தமான மரத்தில் விறுவிறென்று இறங்கும். மணல் பட்டால் கால் மணித்தியாலத்தில் மழுங்கிவிடும். அவர் அரியப்போனதோ, காற்றுக்குச் சாய்ந்து வாவிக்கரை மணலில் புரண்டு கிடந்த மருதமரம்.

"அண்ணன், மணலுக்கு மூலை உருண்ட பல்லு எடுங்க. மெதுவாத்தான் அரியும், ஆனா நிண்டு அரியும்."

"மொட்டைப் பல்லா? அது விறகு வெட்டுற ஆக்களுக்குத் தங்கச்சி. நான் இருவது வரிசமா மரம் அரியிறன்."

இதற்கு முன் இரண்டு தடவை கூர்ப்பல்லை மணலில் மழுக்கிக்கொண்டு வந்து, கடை நிறைய ஆட்கள் நிற்க, "சாமான் கூடாது, தரமில்லை" என்று சத்தம் போட்டவர் அவர். மூன்றாந் தடவையும் அதைக் கேட்கப் பீற்றிஸ் தயாராக இல்லை. உள்ளே போய் உருண்ட பல்லுச் செயினைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டு மூடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீட்டினாள். அவர் பெட்டியைப் பார்த்தார், பல்லைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் இருந்தவர், ஏறாவூரில் மரக்காலை வைத்துப் பலகை அரிந்து விற்கும் உசனார்.

"முழு மரத்தையும் அரிஞ்சு முடிச்சிட்டன். நான் சொன்னனான்தானே, சிவப்புப் பெட்டிதான் சாமான் எண்டு. எனக்கும் ஒண்டு, உசனாருக்கும் ஒண்டு எடுங்க."

உசனாரின் மரமெல்லாம் பட்டை உரித்துக் கழுவினவை. அவருக்கு மெய்யாகவே கூர்ப்பல்லுத்தான் சரி. ஆகவே அவருக்கு உள்ளதை உள்ளபடி கொடுத்தாள். வினாயகமூர்த்திக்குப் பழையபடி மாற்றிக் கொடுத்தாள். உசனார் வாங்கிய சாமானைத் திறந்து பார்க்காமல் படியிறங்காத மனிசன். இரண்டு பெட்டியையும் மேசையில் கவிழ்த்தார்.

"என்ன இது, ரெண்டும் ரெண்டு சாதியா இரிக்கு?"

வினாயகமூர்த்தி தன் செயினின் பல்லை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பீற்றிஸைப் பார்த்தார். காது சிவந்தது.

"அது அப்பிடித்தான் உசனார்," என்றார் கடைசியில். "உங்கட மரம் சுத்தம், கூர்ப்பல்லு போதும். நான் மணலுக்குள்ள நிண்டு அரியிறவன். அதுக்கு மூலை உருண்டதுதான் வேணும். மெதுவாத்தான் அரியும், ஆனா நிண்டு அரியும். இந்தத் தங்கச்சிக்கே நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

பீற்றிஸுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஓம், அண்ணன்தான் சொன்னவர்."

உசனார் வெளியே போனதும் வினாயகமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பலகைக்கு நெடுக அரியிறதுக்கு எந்தச் செயின்?"

"அதையும் நீங்கதானே அண்ணன் எனக்குச் சொல்லித் தரோணும்."

அவர் போகாமல் நின்றார். பீற்றிஸ் வேறொருவருக்கு ஒரு மெஷின் பிளக் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாவகாசமாக மேல் தட்டிலிருந்து ஒரு செயினை இறக்கி விளக்கத் தொடங்கினாள். ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு அவர் தலையாட்டிக் கேட்டார்.