பன்னிரண்டில் ஒன்று

கோவிந்தம்மாள் கடை ஷட்டரைக் கீழே இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்து அழுவதற்கு முன்பே செய்த முதல் காரியம் அதுதான்.

"கருமாதி முடியற வரிக்கும் இதத் தொறக்கக் கூடாது. கடையிலருந்து ஒரு ஆணி கூட வெளிய போகக் கூடாது. போச்சுன்னா செத்தவன் பின்னாடியே வூட்டு லட்சுமியும் பூடுவா" என்றாள். அதற்குப் பிறகுதான் உள்ளே ஓடிப்போய் ஐஸ் பெட்டியின் மேல் விழுந்து, "அண்ணா" என்று அலறினாள். எதையும் வரிசை மாறாமல் செய்கிற பொம்பளை.

பெட்டிக்குள் கஜபதி படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகக் கோணியிருந்த வாய், இப்போது நேராகிவிட்டது. "தூங்கறா மாரியே இருக்காரு" என்றார்கள் வந்தவர்கள். தூங்கும்போது அவர் என்றைக்கு இப்படி இருந்தார்? அவர் குறட்டைக்கு அரக்கோணம் ரோட்டில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நிற்கும். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் ஷோபனாவுக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. திருத்தணியைச் சுற்றியிருக்கும் கல் குவாரி டிப்பர்களுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் இங்கேதான். அப்பா விழுந்ததிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தது ஷோபனா. தம்பி எழிலன் புனேயில் வேலை. விமானம் பிடித்து, சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தான். நாலு மணிக்கு அவன் வருவான், ஐந்து மணிக்கு எடுப்பது என்று பேச்சு.

மூன்று மணி இருக்கும். தெருமுனையில் ஒரு டிப்பர் வந்து நின்றது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோடு ஜல்லியோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒரு ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான் டிரைவர் ஆனந்தன். மாலையைப் பெட்டியின் மேல் போட்டான். இரண்டு கையாலும் கும்பிட்டான். பிறகு ஷோபனாவின் எதிரே குந்தினான்.

"எடுக்கறப்ப இருக்க முடியாதுக்கா. லோடு எறக்கணும். மேல குவாரியில இன்னும் ரெண்டு நடை இருக்குது."

ஷோபனாவுக்கு அந்த டிப்பரின் முன்சக்கரம் ஞாபகம் வந்தது. அப்பா போனபோதுகூட இப்படி அவள் பயந்ததில்லை. அது எதிர்பார்த்தது. இது அவள் செய்தது.

பதினோரு நாளுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்தான். டை ராட் எண்டு ஒரு பெட்டி, பன்னிரண்டு உருப்படி. ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு, சக்கரத்தை ஒட்டி ஒரு குண்டும் கிண்ணமுமாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். கம்பெனி சரக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. இவன் கொண்டுவந்தது விற்கும்போதே ஆயிரத்து நூறுதான். பெயிண்டு பளபளவென்றிருந்தது, பார்த்தால் இதுதான் ஒரிஜினல் என்று சொல்லத் தோன்றும். போனை நீட்டி, "நெட்ல எழுநூத்தம்பதுக்குப் போடறான், நீங்க இன்னாக்கா கொள்ளை அடிக்கறீங்க" என்று டிரைவர்கள் தினமும் கேட்கிற காலம். ஏஜெண்டு படியிறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஆனந்தன் வந்தான். முதலாளி ஆயிரத்து இருநூறுக்கு மேல் தரமாட்டேன் என்கிறார் என்றான். அவள் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

சாயந்தரம் பெட்டியை அப்பா கட்டிலருகே வைத்து, இன்னொன்றை எடுத்துக் காட்டினாள். விளங்கின கை இடது கை ஒன்றுதான். அந்தக் கட்டைவிரலால் குண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். ரப்பரை நகத்தால் கீறினார், பொடியாக உதிர்ந்தது. கிரீஸை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"வே... வேணாம்மா. ரோட்டு வண்டின்னா ஆறு மாசம் ஓடும். குவாரி மேட்டுல ரெண்டு மாசம் தாங்காது. இஞ்சினு கெட்டுப்பூட்டா வண்டி நிக்கும், அவ்ளோதான். இது பூட்டா வண்டி நிக்காது." குழறிக் குழறி இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. பிறகு கேட்டார். "எதனா வித்தியா?"

"இல்ல நைனா."

ஏன் அப்படிச் சொன்னாள்? சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அந்த மனிதர் டூப்ளிகேட் சரக்கைக் கடைக்குள் சேர்த்ததில்லை. மறுநாளே மீதியை ஏஜெண்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆனந்தனுக்குப் போன் போட்டாள். ஆந்திரா பக்கம் லோடு போயிருந்தான், கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டாள். அவன் எடுத்து, "ஆங், சொல்லுங்கக்கா" என்றபோது, "ஒண்ணும் இல்ல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். வண்டியைக் கொண்டுவா என்றால் ஏன் என்பான். அவன் முதலாளிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அப்பா காதுக்கு வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் ஓட்டினாள். ஐந்தாவது நாள் அப்பாவுக்குச் சளி கட்டிக்கொண்டது. அதற்குமேல் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், சாவு. அந்த எண்டின் நினைப்பே இல்லை. இதோ, அதையே சக்கரத்தில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான் ஆனந்தன், இன்னும் இரண்டு நடை இருக்கிறதாம்.

"இரு. போயிடாத" என்று எழுந்தாள்.

"எங்கடி?" என்றாள் கோவிந்தம்மாள்.

ஷோபனா உள்ளே போனாள். அப்பா படுத்திருந்த அறையிலிருந்து கடைக்கு ஒரு கதவு உண்டு. இருட்டில் மூன்றாவது தட்டைத் தடவி, ஒரு கம்பெனி டப்பாவை எடுத்துக்கொண்டாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பொம்பளைகளையும் தாண்டி வெளியே வந்தாள்.

கோவிந்தம்மாளின் கண் டப்பாவில் விழுந்தது.

"அடியே! பொணத்த நடு வூட்ல வெச்சிகினு யாவாரமா பண்ற? ஒரு நாள் பொறுக்கலியா ஒனக்கு? எங்கண்ணன் ஒடம்பு இன்னும் வூட்ட வுட்டுப் போவலியேடி!"

மானம் போகிறது என்றால் எப்படிப் போகும் என்பதை ஷோபனா அன்றைக்குத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தை அடங்கிவிடுவாள். ஆனால் அந்த வார்த்தை, கஜபதி கடையில் போலிச் சரக்கு விற்றார்கள் என்பது. அவர் பிணத்தின் எதிரில் அதைச் சொல்ல அவளால் ஆகவில்லை. எதிர்க்கடை சந்திரமோகன் பந்தலில் உட்கார்ந்திருந்தார். விலைப் போட்டியில் முறைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக அப்பாவோடு பேசாதவர்; சாவு என்பதால் வந்திருந்தார். அவர் எழுந்து எதையோ சொல்ல வந்தவர் போல நின்று, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக் எல்லப்பன் வாசலில் சாவு மேளக்காரர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லப்பண்ணே, கொஞ்சம் வாங்க. ஆனந்தன் வண்டில ஒரு எண்டு மாத்தணும். இப்பவே."

எல்லப்பன் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வேணாம்மா. நீ உள்ள போ."

"வாங்கண்ணே!"

வண்டியருகே போனதும் அவர் எந்தச் சாமானையும் எடுக்கவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கையைக் காட்டி, "நீயே பாரு" என்றார். ஷோபனா புடவையைச் சொருகிக்கொண்டு ரோட்டில் குந்தினாள். ஆனந்தன் ஏறி, இஞ்சினைப் போட்டு, ஸ்டீரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவள் கையை உள்ளே விட்டு எண்டைப் பிடித்துப் பார்த்தாள். ஆட்டமே இல்லை, கல் மாதிரி இருந்தது. துணியால் மண்ணைத் துடைத்தாள். கம்பெனி முத்திரை. அவள் கொடுத்தது இல்லை அது.

"இது எப்படிண்ணே?"

எல்லப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பெட்டி வந்த அன்னிக்கே நைனா போன் பண்ணாருமா. பேச்சு கொழறுது, எனக்கு ஒண்ணும் பிரியல. நேர்ல போனேன். நீ கோயிலுக்குப் போயிருந்த. 'பெட்டில பதினொண்ணுதான் இருக்குது, ஒண்ணு யார் வண்டில போச்சுன்னு பாரு'ன்னாரு. விசாரிச்சேன், இவன் வண்டி. மூணாம் நாளு ஆந்திராவுலருந்து வந்ததும் மாத்திட்டேன்."

"நம்ம கடையில எதுவும் கொறையலியே?"

"நம்ம கடையில எடுத்தா ஒனக்குத் தெரிஞ்சிடும்னு, எதிர்க்கடையில வாங்கச் சொன்னாரு. சந்திரமோகன் கடையிலயான்னு ரெண்டு தபா கேட்டேன். ஆங், அங்கதான்னாரு."

ஆனந்தன் மேலேயிருந்து தலையை நீட்டினான். "நீங்க போன் பண்ணப்ப வாய் வரிக்கும் வந்துச்சுக்கா. பெரியவரு சத்தியம் வாங்கிட்டாரு."

"இன்னா சத்தியம்?"

ஆனந்தன் எல்லப்பனைப் பார்த்தான். எல்லப்பன்தான் சொன்னார். "'அவளே வந்து எங்கிட்ட சொல்லுவா. அது வரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது'ன்னாரு. ரெண்டு நா கழிச்சுப் பாத்தப்ப, சொல்லிச்சான்னு கேட்டேன். இன்னும் இல்லடான்னு சிரிச்சாரு."

அந்த நாலு சாயந்தரமும் அவள் நினைவுக்கு வந்தன. கடை மூடி உள்ளே போனால், கட்டிலைத் தட்டி உட்காரச் சொல்வார். "அப்பறம்... கடையில இன்னா?" என்பார். "ஒண்ணும் இல்ல நைனா" என்பாள். "வேற?" என்பார். "வேற ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு வராத மனுஷன், பொழுது போகாமல் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். அய்யோ, எத்தனை தரம் கேட்டார்! ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா? அவள் டிப்பரின் பம்பரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை.

ஆனந்தன் லோடு இறக்கக் கிளம்பிப் போனான். வண்டி திரும்பி, பைபாஸ் பக்கம் மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

எழிலன் நாலரைக்கு வந்தான். பெட்டியைத் திறந்தார்கள், குளிப்பாட்டினார்கள், புது வேட்டி கட்டினார்கள். வாய்க்கரிசி போட ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஷோபனா முறை வந்தபோது கோவிந்தம்மாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

"கைய கழுவிகினு வாடி மொதல்ல."

"கழுவிட்டேன் அத்தை. போகல."

"நேரமாவுது, போடு போடு" என்றார் யாரோ ஒருவர்.

ஷோபனா அரிசியை அள்ளினாள். குனிந்து அவர் வாயில் போட்டாள். எழுந்திருக்காமல் அப்படியே காதோரம் வாயை வைத்து ஏதோ சொன்னாள். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருந்த எழிலனுக்குக்கூடக் கேட்கவில்லை.

"இன்னாடி சொன்ன அவன் காதுல?" என்றாள் கோவிந்தம்மாள்.

"கடை விசயம்."

"இன்னும் கடையா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணனின் கீழுதட்டில், அரிசிக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கிரீஸ் ஒட்டியிருந்தது. துடைத்துவிடக் கையை நீட்டினாள். என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.